காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணிக்கு: பிள்ளைகளின் பிறந்தநாள் நகர்ந்த கதை

கேள்வி இது: "மகனுக்கு ஆவணியில் ஐந்து வயது முடிகிறது. நட்சத்திரத்தன்று கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் பாயசம், அது போதும் என்கிறார் அப்பா. அப்பார்ட்மென்ட்டில் எல்லோரும் செய்வதுபோல ஹால், தீம், ரிட்டர்ன் கிஃப்ட் வேண்டும் என்கிறார் மனைவி. எங்கள் சின்ன வயதில் இரண்டுமில்லாமல் வேறு மாதிரி இருந்ததே. எப்படி இப்படி மாறியது? எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?"

மூன்று தலைமுறையையும் பிரித்துப் பார்க்கக் கடிகாரம் போதும். தாத்தா, அதாவது உங்கள் அப்பா, சொல்லும் பிறந்தநாள் காலை எட்டு மணிக்குள் முடிந்துவிடும். உங்களுடையது சாயங்காலம் நாலரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடிந்திருக்கும். இன்றைய ஹால் பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப் அழைப்பில் ஆறரை என்று போட்டிருப்பார்கள், கேக் வெட்ட எட்டேகால் ஆகும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எட்டு மணிக்குக் கண் சொருகும். சாப்பாடு, அலங்காரம், பரிசு எல்லாம் இந்த நேரத்தின் பின்னாலேயே போயிருக்கின்றன.

முதலில் தாத்தாவின் கணக்கு. அவருக்குப் பிறந்தநாள் என்றால் தமிழ் மாதமும் ஜென்ம நட்சத்திரமும் கூடும் நாள். நிலா ஒரு சுற்றுச் சுற்றிவர ஏறக்குறைய 27.3 நாள். அப்படி 13 சுற்று முடிய 355 நாள் ஆகும், 14 சுற்று என்றால் 382. அதனால் முதல் ஆண்டு நிறைவு இங்கிலீஷ் தேதிக்குச் சுமார் 10 நாள் முன்னால் வரும், இல்லையென்றால் 17 நாள் பின்னால் வரும். எது என்பதைத் தமிழ் மாதம் தீர்மானிக்கிறது. மாதத்தின் பின்பாதியில் பிறந்த குழந்தைக்கு முன்னால் வரும், முதல் பத்து நாளுக்குள் பிறந்த குழந்தைக்குப் பின்னால் வரும். 11, 12, 13 தேதிகளை ஒட்டிப் பிறந்திருந்தால் அதே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்து வீட்டில் ஒரு விவாதம் நடக்கும். பெரும்பாலான குடும்பங்கள் இரண்டாவதை எடுத்துக்கொள்கின்றன. அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்த இடைவெளி மாறிக்கொண்டே போகும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் பஞ்சாங்கத்தைத் திறந்துதான் ஆகவேண்டும். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு வகைப் பஞ்சாங்கங்களும் நட்சத்திரம் மாறும் நேரத்தில் வேறுபடும். வீட்டில் எது வழக்கமோ அதையே பார்த்துவிட்டால் சண்டை இல்லை.

அந்த நாளின் நடைமுறை சுருக்கமானது. விடிகாலையில் எண்ணெய்க் குளியல். புதுத்துணியின் ஓரத்தில் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன் வைத்து எடுத்துக் கொடுப்பார்கள். பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்தால் விபூதியோ குங்குமமோ நெற்றியில் ஏறும். கோயிலில் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை. திரும்பி வந்தால் பாயசம், வடை. அந்தக் காலைப் பொழுதில் பிள்ளைதான் வாங்கிக்கொள்பவன், மற்ற எல்லோரும் கொடுப்பவர்கள், கொடுப்பதும் பெரும்பாலும் ஆசீர்வாதம். விருந்தாளி என்று யாரும் கிடையாது. ஊரைக் கூட்டிச் செய்வதென்றால் அது ஆண்டு நிறைவுக்கோ, குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துத் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தும் நாளுக்கோதான். ஐந்தாவது, ஏழாவது பிறந்தநாளுக்கெல்லாம் யாரும் பத்திரிகை அடித்ததில்லை. கிறிஸ்தவக் குடும்பங்களில் ஜெபமும் கேக்கும் முன்பிருந்தே உண்டு, ஆகவே அங்கே மாற்றம் இவ்வளவு கூர்மையாகத் தெரியாது. இஸ்லாமியக் குடும்பங்களில் பலர் பிறந்தநாளையே கொண்டாடுவதில்லை.

தேதி உள்ளே வந்தது பள்ளிக்கூடத்தின் வழியாக. தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் வயது சரி என்று சேர்த்துக்கொண்ட காலத்தில், ஜூனில் ஐந்து வயது முடிகிற மாதிரி ஒரு தேதியைத் தலைமையாசிரியரே எழுதிக்கொள்வார். அந்தத் தலைமுறையில் எத்தனையோ பேருக்குச் சான்றிதழ்ப் பிறந்தநாள் மே, ஜூனில் இருப்பதற்கு இதுதான் காரணம். அப்படி வந்த தேதியை யார் கொண்டாடுவார்கள்? 1969-இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமும் ஆஸ்பத்திரிப் பிரசவமும் பரவிய பிறகுதான் தேதி நம்பும்படியான ஒன்றாயிற்று. பிறகு பள்ளியில் அன்றைக்கு மட்டும் யூனிஃபார்ம் இல்லாமல் கலர் டிரெஸ், வகுப்புக்கு ஆசை சாக்லேட், கூடவே டப்பாவைத் தூக்கிக்கொண்டு மற்ற வகுப்பு டீச்சர்களுக்குக் கொடுத்துவர ஒரு நண்பன். யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பதில் எத்தனை நட்பு முறிந்ததோ! 'ஹேப்பி பர்த்டே' பாட்டின் மெட்டும் வகுப்பறையில் பிறந்ததுதான். 1893-இல் அமெரிக்காவில் ஹில் சகோதரிகள் சின்னப் பிள்ளைகளின் காலை வணக்கப் பாட்டாக அதை வெளியிட்டார்கள்.

இங்கிருந்து வருகிறது உங்கள் காலத்து நாலரை மணி. பள்ளி விட்டு வந்து முகம் கழுவிப் புதுச்சட்டை போட அவ்வளவு நேரம் வேண்டும். அழைப்பு வாய்மொழிதான், தெருப்பிள்ளைகளும் வகுப்பில் நாலைந்து பேரும் வருவார்கள். கிரேப் தாளை இரண்டு நிறமாக முறுக்கி, சுவரின் நான்கு மூலையிலிருந்து கொண்டுவந்து நடுவில் சீலிங் ஃபேனில் கட்டுவது அன்றைய அலங்காரம். அதனால் ஃபேன் போட முடியாது. வேர்வையில் நனைந்த யாராவது மறந்துபோய் சுவிட்சைத் தட்டினால் ஒரு நொடியில் அத்தனையும் அறுந்து சுருண்டு ஃபேனைச் சுற்றிக்கொள்ளும். தெர்மாக்கோல் பலகையில் வெட்டிய பெயர், அதன்மேல் பசை தடவித் தூவிய ஜிகினா. மிட்டாயும் ஜிகினாத் துண்டும் போட்டு ஊதிய பெரிய பலூன் ஒன்று, கேக் வெட்டும்போது தலைக்கு மேலே ஊசியால் உடைக்க.

தட்டில் ஒரு துண்டு கேக், மிக்சர், ஒரு சமோசா, சிப்ஸ், ஒரு ஸ்வீட். பக்கத்தில் ரஸ்னா, ஒரு பாக்கெட்டில் 32 கிளாஸ் என்பதால் தெருவுக்கே ஒரு பாக்கெட் போதும். (யாழ்ப்பாணத்து வீடுகளில் இதே தட்டு ரோல்ஸ், பற்றிஸ், ரிப்பன் கேக் என்று அமையும்.) கேக்கின் மேலிருந்த ரோஜாப்பூ கிரீம் பட்டர்கிரீம் என்று பெயர் கொண்டாலும், பெரும்பாலான பேக்கரிகளில் அது வனஸ்பதியும் பொடித்த சர்க்கரையும்தான். வாயின் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் சித்திரை வெயிலிலும் உருகாது. ஃபிரிட்ஜ் இல்லாத கண்ணாடிப் பெட்டியில் பேக்கரிக்காரர் தைரியமாக வைத்திருந்ததும், சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்ததும் அதனால்தான்.

கேக்கில் கத்தியை வைத்தபடி எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பது அந்தக் காலத்துப் பழக்கம். ஒரு ரோலில் 36 படம், அது பொங்கலுக்கும் வேண்டும், தீபாவளிக்கும் வேண்டும். பிறந்தநாளுக்கு மூன்று படம் கிடைத்தால் பெரிது. அதனால் "இரு, இரு, வெட்டாதே" என்று கத்தியை நிறுத்தி வைத்து எடுத்தார்கள். இன்று செல்போனில் நூறு படம் எடுக்கிறார்கள், அந்த நிறுத்தி வைத்த கத்தி மட்டும் அப்படியே இருக்கிறது.

பரிசுகளைச் சட்டென்று சொல்லிவிடலாம்: காந்த மூடி பென்சில் பாக்ஸ், கேம்லின் கலர், பிசினஸ் போர்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ், சுவர்க் கடிகாரம், 11 அல்லது 51 ரூபாய் வைத்த கவர். கடிகாரம் பிள்ளைக்கல்ல, வீட்டுக்கு. ரிட்டர்ன் கிஃப்ட் மட்டும் வெளிநாட்டுச் சரக்கு என்று பெரியவர்கள் முணுமுணுப்பது நியாயமில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாத தாம்பூலப் பையின் பேரன் அது. வெற்றிலை பாக்கு இருந்த இடத்தில் பென்சிலும் ரப்பரும் வந்தன, இப்போது பெட்டியாக வீங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இனி எட்டு மணிக் கட்டம். 2000-க்குப் பிறகு மினி ஹாலும் அப்பார்ட்மென்ட் கம்யூனிட்டி ஹாலும் பெருகின. அப்பா அம்மா இருவரும் ஆபீஸிலிருந்து வரவேண்டும், அவர்களுடைய ஆபீஸ் நண்பர்களும் வரவேண்டும். ஆகவே நேரம் பெரியவர்களின் கைக்குப் போனது. பெரியவர்கள் வந்தால் மிக்சர் தட்டு போதாது, டின்னர் வேண்டும். டின்னர் என்றால் கேட்டரிங், கேட்டரிங் என்றால் குறைந்தது இத்தனை இலை. அதை நிரப்ப இன்னும் நாலு குடும்பத்தைக் கூப்பிட வேண்டும். இப்படித்தான் பதினைந்து பிள்ளைகள் நூற்றைம்பது பேராகிறார்கள். சில ஊர்களில் முதல் பிறந்தநாளே காதுகுத்துச் சீரையும் மொய்யையும் உள்வாங்கி, தெருமுனையில் ஃப்ளெக்ஸோடு ஒரு சின்னக் கல்யாணமாகிவிட்டது. அந்த வகையில் மிகப் பெரிய தவறு, காலையில் மொட்டையும் காதுகுத்தும், ராத்திரி அதே குழந்தைக்குக் கேக்கும் என்று ஒரே நாளில் திணிப்பது. மதியத் தூக்கம் கெட்ட குழந்தை, காது வலியோடு, எல்.ஈ.டி. வெளிச்சத்தில், நூறு பேர் கைமாறித் தூக்கினால் அழாமல் என்ன செய்யும்? இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு வாரம் விடுங்கள்.

இந்தக் கட்டத்தில் வந்த பொருள்கள் சிலவற்றில் உண்மையான ஆபத்து இருக்கிறது. நுரையாகப் பீய்ச்சும் ஸ்னோ ஸ்ப்ரேயைத் தள்ளும் வாயு பெரும்பாலும் பியூட்டேனும் புரொப்பேனும், அதாவது சமையல் சிலிண்டரில் இருக்கும் அதே சங்கதி. எரியும் மெழுகுவர்த்தியின் மேல் அடித்தால் குனிந்திருக்கும் பிள்ளையின் முகத்தில் நெருப்புப் பிடிக்கும். வீட்டுக்குள்ளேயே வரவிடாதீர்கள். மேலே பறக்கும் பலூனுக்கு ஹீலியம்தான் நிரப்ப வேண்டும். விலை அதிகம் என்பதால் ஹைட்ரஜன் அடித்துக் கொடுப்பவர்கள் உண்டு. 2020 செப்டம்பரில் சென்னை பாடியில் ஓர் அரசியல் பிறந்தநாள் நிகழ்ச்சியில் வாயு பலூன்கள் தீப்பற்றி வெடித்துப் பலருக்குத் தீக்காயம். பலூன்காரரிடம் ஹீலியம் சிலிண்டரைக் காட்டச் சொல்லுங்கள், தயங்கினால் சாதாரணக் காற்றுப் பலூனே போதும். பஞ்சு மிட்டாய் ஸ்டால் வைத்தால் வெள்ளை மட்டும் சுற்றச் சொல்லுங்கள். உணவில் சேர்க்கக் கூடாத ரோடமின்-பி சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நிறமேற்றிய பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது. வாயில் புகை வரும் 'ஸ்மோக் பிஸ்கெட்' வேண்டவே வேண்டாம். திரவ நைட்ரஜன் உள்ளே போனால் வயிறு புண்ணாகும். உடைந்த பலூன் துண்டையும் ஊதாத பலூனையும் உடனுக்குடன் பொறுக்கிவிட வேண்டும், சின்னக் குழந்தைகளின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று சட்டம். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, கப், உறிஞ்சுகுழல் கூடாது. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத் தெர்மாக்கோல், பிளாஸ்டிக் ஸ்பூன் எல்லாம் தடை. கடைகளில் இன்னமும் விற்கத்தான் செய்கிறார்கள். ஆறு அங்குலப் பாக்குமட்டைத் தட்டும் வீட்டு எவர்சில்வர் டம்ளரும் இருந்தால் இந்தக் கவலையே இல்லை.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். அப்பா கேட்பதும் மனைவி கேட்பதும் ஒரே நாளில் மோதவே இல்லை. நட்சத்திரம் பெரும்பாலும் வேறு நாளில் வரும், அதற்கான வழிபாடும் காலையிலேயே முடிந்துவிடும். அதை அப்பாவிடம் முழுதாக விட்டுவிடுங்கள். பார்ட்டியைத் தேதிக்கு அடுத்த சனிக்கிழமை நாலரைக்கு வையுங்கள். ஹால் எடுப்பதிலும் தப்பில்லை, ஒன்றரை மணி நேரம் ஓடி ஆட இடம் வேண்டும்தானே. ஆனால் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். நான்கு பிள்ளைக்கு ஒரு பெரியவர் கண் வைத்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் குரூப்பில் பொதுவாகப் போட்டால் யார் வருவார்கள் என்றே தெரியாது. தனித்தனியாக அனுப்பி, தம்பி தங்கையும் வருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ரிட்டர்ன் கிஃப்ட் பற்றாமல் போவது எப்போதும் அந்தத் தம்பி தங்கைகளால்தான். எண்ணிக்கைக்கு மேல் இரண்டு மூன்று சேர்த்து, மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சின்னச் சின்னப் பாகமில்லாத பொருளாக வாங்குங்கள். பையனுக்கு நீலம், பெண்ணுக்குப் பிங்க் என்று பிரித்தால் நிச்சயம் ஒன்று குறையும். எல்லோருக்கும் ஒரே கலர் பென்சில் டப்பா நல்லது.

கேக்குக்குக் கணக்கு: பிள்ளைக்கு 50, 60 கிராம், பெரியவருக்கு 80 கிராம். பன்னிரண்டு பிள்ளையும் பத்துப் பெரியவர்களும் என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. மூன்று அடுக்கு வேண்டுமென்று பிள்ளை அடம்பிடித்தால், கீழடுக்குகளைத் தெர்மாக்கோலில் வைத்து மேலே கிரீம் பூசித் தருவார்கள், பல ஹால்களில் நீங்கள் பார்த்த மாடிக் கேக் அதுதான். ஆனால் தெர்மாக்கோலுக்கு மேலே சொன்ன தடையையும் நினைவில் வையுங்கள். இப்போதைய விப்பிங் கிரீம் பழைய பட்டர்கிரீம் மாதிரி இல்லை. ஏ.சி. இல்லாத இடத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்தால் பக்கவாட்டில் வழியத் தொடங்கும். முக்கியமான விருந்தாளி வரட்டும் என்று காத்திருக்கும்போது கேக் மேஜையில் இருக்கக் கூடாது, எல்லோரும் வந்த பிறகே ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க வேண்டும். சர்க்கரை மாவை விரித்துப் போர்த்தி, அதிலேயே பொம்மை செய்து ஒட்டிய ஃபாண்டன்ட் கேக்குக்கு வேறு தலைவலி. குளிரிலிருந்து எடுத்ததும் சென்னை, கடலூர் போன்ற கடலோர ஊர்க் காற்றில் அதன்மேல் நீர் பூத்துப் பிசுபிசுக்கும், பொம்மை சாயும். ஆவணிப் புழுக்கத்துக்கு அது ஒத்துவராது. காரில் கொண்டுவரும்போது சீட்டில் வைக்காதீர்கள், சீட் பின்பக்கம் சரிந்திருக்கும். காலடியில் சமதரையில் வையுங்கள். வீட்டில் பேக் செய்பவரிடம் வாங்கினால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.-யின் பதிவு இருக்கிறதா, முட்டை சேர்ந்ததா என்று முன்பே கேட்டுவிடுங்கள். முட்டை சாப்பிடாத ஒரு பிள்ளை தட்டை வைத்துக்கொண்டு சும்மா நிற்பதைப் பார்க்கச் சகிக்காது.

பலூன் வளைவு வேண்டுமென்றால் பத்தடிக்கு ஐந்து, பத்து, பன்னிரண்டு அங்குலம் கலந்து சுமார் 120 பலூன், உடைவதற்கென்று இன்னும் 20. பத்து அங்குலப் பலூனை ஒன்பது வரைக்கும் ஊதுங்கள். முழுக்க ஊதினால் மதியச் சூட்டில் காற்று விரிந்து பட்டாசு மாதிரி வெடிக்கும். காற்றுப் பலூனை முந்தின இரவே கட்டி வைக்கலாம், வெயில் படாமல் இருந்தால் பளபளப்பும் போகாது. ஹீலியம் பலூன் அரை நாளில் இறங்கிவிடும், அன்று மதியம்தான் நிரப்ப வேண்டும்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். நாலரையிலிருந்து ஐந்து வரை வருபவர்கள் வரட்டும். வந்தவுடன் கையில் ஏதாவது கொடுத்துவிடுங்கள், சிப்ஸும் ஜூஸும் போதும். பசித்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு எந்த விளையாட்டும் ஓடாது. ஐந்திலிருந்து ஐந்தே முக்கால் வரை விளையாட்டு, ஒவ்வொன்றும் எட்டு நிமிஷத்துக்கு மேல் போகக் கூடாது. மியூசிக்கல் சேரில் முதலில் அவுட்டாகும் பிள்ளை அழும், இது ஐந்து வயதில் மாறாத விதி. நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டு, பிள்ளைகளை மீதி நாற்காலிகளில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார வைத்தால் அழுகை சிரிப்பாகும். பாட்டு நிற்கும்போது பொட்டலம் யார் கையில் இருக்கிறதோ அவர் ஓர் உறையைப் பிரிக்கும் பாசிங் த பார்சலில் ஒவ்வொரு காகித உறைக்குள்ளும் ஒரு மிட்டாய் வையுங்கள், கடைசியில் ஒரே ஒரு பரிசு என்றால் சண்டை. ஐந்தே முக்காலுக்குக் கேக். ஆறு மணிக்குச் சாப்பாடு: மினி இட்லி, காரம் குறைந்த நூடுல்ஸ் அல்லது ஃபிரைட் ரைஸ், உருளைக்கிழங்கு, கப் ஐஸ்கிரீம். இருக்கும் பெரியவர்களும் இதையே சாப்பிடுவார்கள், கவலை வேண்டாம்.

மெழுகுவர்த்திதான் உங்கள் அப்பாவுக்கு உண்மையில் உறுத்தும் இடம். நம் வீடுகளில் விளக்கை 'அணை' என்று சொல்லவே நா கூசும், குளிர வை, மலையேற்று என்றுதான் சொல்வார்கள். பிறந்த நாளில், வாயால், எச்சில் தெறிக்க ஊதி அணைப்பது அவருக்கு அபசகுனமாகப் படுவதில் ஆச்சரியமில்லை. கேக் வைத்த மேஜைக்குப் பக்கத்தில் ஒரு குத்துவிளக்கை வைத்து, முதல் திரியைத் தாத்தாவும் பேரனும் சேர்ந்து ஏற்றட்டும். மெழுகுவர்த்தியைப் பெரிய கேக்கில் குத்தாமல் ஒரு கப்கேக்கில் தனியாக வைத்துப் பையன் ஊதட்டும், எச்சில் அதோடு போகும், மற்றவர்களின் துண்டில் விழாது. குத்துவிளக்குக்கு அருகில் நைலான் பாவாடை, பலூன், காகிதத் தோரணம் எதுவும் இல்லாதபடி இரண்டடி இடம் விடுங்கள்.

அழைப்பில் தொடங்கும் நேரத்தோடு முடியும் நேரத்தையும் போடுங்கள்: "4.30 முதல் 6.45 வரை." முதலில் சிலர் சிரிப்பார்கள். ஆனால் அதைப் பார்த்தவர்கள்தான் ஐந்து மணிக்குள் வந்து சேர்வார்கள். ஏழரைக்குப் பையன் குளித்துவிட்டுப் பரிசுகளைப் பிரித்துக்கொண்டிருப்பான்.